வரலாற்றில் ஏப்ரல் 13: திருச்சிராப்பள்ளியும் சித்திரை முதல் நாளும்

ஏப்ரல் 13 என்பது கிரெகோரியன் நாட்காட்டியில் ஆண்டின் 103ஆவது நாள். லீப் ஆண்டில் 104ஆவது நாள். 1930ஆம் ஆண்டு இந்நாளில் திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக நடைப்பயணம் புறப்பட்டது. 1919ஆம் ஆண்டு இதே நாளில் பஞ்சாபின் அமிர்தசரஸ் நகரில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. சீக்கியரின் கால்சா அமைப்பு தோன்றிய நாளாகவும் ஏப்ரல் 13 பரவலாகக் குறிக்கப்படுகிறது. 1984இல் இந்தியப் படை சியாச்சின் பனிமலைக்குச் சென்றதும் இந்நாளில்தான்.

இவற்றை ஒரு பட்டியலாகப் படிக்கும்போது வியப்பான தற்செயல் என்று தோன்றலாம். ஆனால் இவற்றுள் பலவற்றுக்கு ஒரே வேர் உண்டு. தமிழ்நாட்டில் சித்திரை முதல் நாள் என்றும் பஞ்சாபில் பைசாகி என்றும் கொண்டாடப்படும் ஞாயிற்று ஆண்டின் தொடக்கமே அந்த வேர். எந்த நிகழ்வு அந்த வேரிலிருந்து வந்தது, எது திட்டமிட்டு அந்த நாளில் வைக்கப்பட்டது, எது உண்மையாகவே தற்செயல் என்பதை இக்கட்டுரை பிரித்துக் காட்டுகிறது.

சித்திரை முதல் நாள் ஏப்ரலில் அமையும் விதம்

தமிழ் நாட்காட்டி சூரியனின் இயக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. சூரியன் மேட ராசிக்குள் நுழையும் நேரம் மேட சங்கிராந்தி எனப்படுகிறது. அதையொட்டிச் சித்திரை மாதம் பிறக்கிறது. பஞ்சாப், வங்காளம், அசாம், ஒடிசா, கேரளம் ஆகிய பகுதிகளின் ஆண்டுப்பிறப்பு அல்லது அறுவடை விழாக்களும், இலங்கையின் சித்திரைப் புத்தாண்டும் இதே சங்கிராந்தியை ஒட்டியவை. தாய்லாந்தின் சொங்க்ரான் விழாவின் பெயரே ‘சங்கிராந்தி’ என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். அது அங்கு ஏப்ரல் 13 அன்று தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் வழங்கும் வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கின்படி ஓர் ஆண்டு என்பது 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. இதை மணிக்கணக்கில் சொன்னால் 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 நொடி. கிரெகோரியன் ஆண்டின் சராசரி நீளம் 365 நாள், 5 மணி, 49 நிமிடம், 12 நொடி. ஆக, தமிழ் ஆண்டு ஒவ்வோர் ஆண்டும் சுமார் 23 நிமிடம் நீளமானது. இந்தச் சிறு வேறுபாடு சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழ 62 ஆண்டுகளுக்கு ஒரு நாளாகிறது.

இதன் விளைவாகச் சித்திரை முதல் நாள் ஆங்கில நாட்காட்டியில் மெல்ல மெல்லப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே செல்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஏப்ரல் 9ஆம் நாளை ஒட்டி அமைந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல ஆண்டுகளில் ஏப்ரல் 13 அன்று வந்தது. இன்று பெரும்பாலும் ஏப்ரல் 14 அன்று வருகிறது. எனவே ‘ஏப்ரல் 13’ என்பதும் ‘சித்திரை முதல் நாள்’ என்பதும் எல்லாக் காலத்திலும் ஒன்றல்ல. 1919இலும் 1930இலும் அவை ஒன்றாக இருந்தன. இக்கட்டுரையின் இரு முக்கிய நிகழ்வுகளும் அந்த ஆண்டுகளுக்கு உரியவை.

சமயபுரமும் திருவரங்கமும்: இரு வேறு நாட்கணக்குகள்

ஒரு நாளை எப்படிக் குறிப்பது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு என்பதைத் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தின் விழாக்களே காட்டுகின்றன.

கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள சமயபுரம் மாரியம்மன் கோயிலில் மாசி மாதக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்குகிறது. அன்றுமுதல் 28 நாட்கள் அம்மனே பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக நம்பிக்கை. அதன்பின் சித்திரைப் பெருவிழா நடைபெறும். சித்திரை மாத முதல் செவ்வாய்க்கிழமை தேரோட்டம். இங்கு ஞாயிற்று மாதமும் கிழமையும் சேர்ந்து நாளைத் தீர்மானிக்கின்றன. ஆகவே தேர்நாள் ஆங்கிலத் தேதியில் ஆண்டுதோறும் மாறினாலும், தமிழ் ஆண்டுப்பிறப்பிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் விலகுவதில்லை.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள திருவரங்கத்தில் சித்திரைத் தேர் வேறு கணக்கைப் பின்பற்றுகிறது. 1383இல் விஜயநகர அரசமரபைச் சேர்ந்த விருப்பண்ண உடையார் ஏற்படுத்திய இவ்விழா ‘விருப்பன் திருநாள்’ எனப்படுகிறது. இதில் தேரோட்டம் ரேவதி நட்சத்திரத்தன்று நடைபெறும். அதாவது சந்திரன் நிற்கும் இடமே இங்கு நாளைத் தீர்மானிக்கிறது. சமயபுரத்து அம்மன் அரங்கநாதரின் தங்கையாகக் கருதப்பட்டு, தைப்பூசத்தின்போது கொள்ளிடக் கரையில் அண்ணன் வீட்டுச் சீர் பெறுகிறாள். உறவு இவ்வளவு நெருக்கமானதாக இருந்தும், சித்திரைத் தேருக்கு இரு கோயில்களும் நாள் பார்க்கும் முறை வேறு.

1752: ஒரே களம், இரண்டு தேதிகள்

ஐரோப்பியர் வருகைக்குப் பின் இவ்வட்டாரத்தில் மேலும் இரண்டு நாட்காட்டிகள் புழங்கின. இரண்டாம் கர்நாடகப் போரின்போது திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் முகமது அலி இருந்தார். அவருக்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி துணைநின்றது. எதிர்ப்பக்கத்தில் சந்தா சாகிபும் அவருக்குத் துணையான பிரெஞ்சுப் படையும் திருவரங்கத் தீவில் தங்கியிருந்தனர். 1752 வசந்த காலத்தில் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் தம் படையைப் பிரித்து, ஒரு பகுதியை இராபர்ட் கிளைவின் தலைமையில் கொள்ளிடத்துக்கு வடக்கே அனுப்பினார். கிளைவ் சமயபுரத்தில் முகாமிட்டார். புதுச்சேரியிலிருந்து திருவரங்கத்துக்கு வரும் உணவையும் உதவிப்படையையும் தடுப்பதே நோக்கம். அந்த முகாம் மீது நடந்த இரவுத் தாக்குதலில் கிளைவ் உயிர் தப்பியது கம்பெனி வரலாறுகளில் விரிவாகப் பேசப்படுகிறது. ஜூன் மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா சரணடைந்தார். சந்தா சாகிப் தஞ்சைத் தளபதி மானோஜியின் ஆணைப்படி கொல்லப்பட்டார்.

இப்போரில் நாட்காட்டி தொடர்பான ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. பிரெஞ்சுக்காரர் 1582 முதலே கிரெகோரியன் நாட்காட்டியைப் பின்பற்றினர். ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தனர். இரண்டுக்கும் இடையே அப்போது 11 நாள் வேறுபாடு. கொள்ளிடக் கரையில் எதிரெதிரே நின்ற இரு படைகளில், ஆங்கிலேயர் முகாமில் ஏப்ரல் 2 என்று எழுதப்பட்ட நாள் பிரெஞ்சு முகாமில் ஏப்ரல் 13. சுற்றியுள்ள ஊர்மக்களுக்கோ அது தமிழ் மாதக் கணக்கில் வேறொரு நாள். அதே ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாளை அடுத்து நேராகச் செப்டம்பர் 14 என்று அறிவித்து ஆங்கிலேயர் புதிய முறைக்கு மாறினர்.

புதுச்சேரியில் துய்ப்ளெக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் தமிழ் ஆண்டு, மாதம், தேதி ஆகியவற்றுடன் ஐரோப்பியத் தேதியையும் சேர்த்து எழுதினார். அக்காலத் தேதிகளைச் சரிபார்க்க இவ்வகைப் பதிவுகள் வரலாற்றாய்வாளருக்குப் பெரிதும் உதவுகின்றன. ஒரே போர் நிகழ்ச்சிக்கு வெவ்வேறு நூல்களில் வெவ்வேறு தேதி காணப்படுவதற்கு இந்த 11 நாள் வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

1699: அனந்தபூரில் பைசாகி

பைசாகி நாள் சீக்கியர்களுக்கு அறுவடை விழா மட்டுமன்று. 1699ஆம் ஆண்டு பைசாகி அன்று பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங், அனந்தபூர் சாகிபில் கூடிய மக்கள் முன்னிலையில் கால்சா அமைப்பைத் தோற்றுவித்தார். சமயத்துக்காகத் தலையைத் தர யார் முன்வருவார் என்று அவர் கேட்டபோது ஒருவர்பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்தனர் என்பது சீக்கிய மரபு. ‘பஞ்ச பியாரே’ எனப்படும் அந்த ஐவரும் ஒரே ஊரினர் அல்லர்; ஒரே சாதியினரும் அல்லர். லாகூர், அஸ்தினாபுரம், பூரி, துவாரகை, தக்காணத்தின் பீதர் ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்களாக அவர்கள் குறிக்கப்படுகின்றனர்.

இந்நிகழ்வின் தேதியாகப் பல இடங்களில் ஏப்ரல் 13 என்று எழுதப்படுகிறது. அக்கால ஜூலியன் கணக்கில் அது மார்ச் 30. கிரெகோரியன் கணக்கில் ஏப்ரல் 9. பிற்காலத்தில் பைசாகி ஏப்ரல் 13 அன்று வந்ததால், அத்தேதி பழைய நிகழ்வின் மேலும் ஏற்றப்பட்டது. இன்று சீக்கியரின் நானக்ஷாகி நாட்காட்டி பைசாகியை ஏப்ரல் 14 என்று நிலைப்படுத்தியுள்ளது. தேதி எண் மாறினாலும் பைசாகி நாள் மாறவில்லை என்பதே இங்கு அறியவேண்டியது.

1919: ஜாலியன்வாலா பாக்

1919 மார்ச் மாதம் ரௌலட் சட்டம் நிறைவேறியது. விசாரணையின்றிக் காவலில் வைக்கவும், ஜூரிகள் இல்லாமல் அரசியல் வழக்குகளை நடத்தவும் அது அரசுக்கு அதிகாரம் தந்தது. அப்போது காந்தி சென்னையில் இராஜாஜியின் இல்லத்தில் தங்கியிருந்தார். நாடு முழுவதும் ஒருநாள் வேலைகளை நிறுத்தி, நோன்பும் வழிபாடுமாக எதிர்ப்பைக் காட்டலாம் என்ற எண்ணம் அங்குதான் அவருக்கு உதித்தது. அதை முதலில் இராஜாஜியிடம் கூறியதாகக் காந்தி தம் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். முதலில் மார்ச் 30 என்று குறிக்கப்பட்ட அந்த நாள் பின்னர் ஏப்ரல் 6க்கு மாற்றப்பட்டது. மாற்றம் தெரியாமல் டெல்லியில் மார்ச் 30 அன்றே கடையடைப்பு நடந்தது. அங்கு துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது.

பஞ்சாபில் ஏப்ரல் 10 அன்று தலைவர்கள் சத்தியபாலும் சைபுதீன் கிச்சலுவும் கைதுசெய்யப்பட்டு அமிர்தசரஸிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மக்கள் கொதித்தெழுந்தனர். நகரம் படைத்தளபதி ரெஜினால்ட் டயரின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை, பைசாகி. கூட்டம் கூடக் கூடாது என்று காலையில் நகரின் சில இடங்களில் மட்டும் பறையறிவிக்கப்பட்டது. பொற்கோயிலை வழிபடவும் பைசாகிச் சந்தைக்காகவும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வந்திருந்த பலருக்கு அந்தத் தடை தெரியாது. மாலையில் ஜாலியன்வாலா பாக் திடலில் நடந்த கண்டனக் கூட்டத்தில், அரசியல் ஆர்வத்தால் வந்தவர்களோடு இளைப்பாற வந்தவர்களும் கலந்திருந்தனர்.

நான்கு பக்கமும் சுவர்கள் சூழ்ந்த அத்திடலின் முதன்மை வழியை அடைத்து நின்ற டயரின் வீரர்கள் 50 பேர், எச்சரிக்கை எதுவுமின்றிச் சுட்டனர். சுமார் பத்து நிமிடங்களில் 1,650 குண்டுகள் சுடப்பட்டன. அங்கிருந்த கிணற்றில் விழுந்தும் பலர் இறந்தனர். ஊரடங்கு காரணமாகக் காயமடைந்தவர்களை இரவில் மீட்க உறவினர்களால் இயலவில்லை. அரசுக் கணக்கு இறந்தோர் 379 பேர் என்றது. காங்கிரஸ் விசாரணைக் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் என மதிப்பிட்டது.

இப்படுகொலையையும் தொடர்ந்து நடந்த இராணுவச் சட்டக் கொடுமைகளையும் கண்டித்து இரவீந்திரநாத் தாகூர் தம் ‘சர்’ பட்டத்தைத் துறந்தார். சென்னை உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதியான சர் சி. சங்கரன் நாயர் வைசிராயின் நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார். பின்னர் பஞ்சாபின் முன்னாள் ஆளுநர் மைக்கேல் ஓடுவயர் இலண்டனில் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். 1924இல் அவ்வழக்கில் நாயர் தோற்றார்.

இங்கு நாளுக்கும் நிகழ்வுக்கும் உள்ள தொடர்பு வெளிப்படையானது. பைசாகி இல்லாதிருந்தால் அன்று அமிர்தசரஸில் வெளியூர்க் கூட்டம் அவ்வளவு இருந்திருக்காது. தடையை அறியாதவர்கள் எண்ணிக்கையும் குறைந்திருக்கும். விழா நாளே உயிரிழப்பைப் பெருக்கியது.

தேசிய வாரம்

1920 முதல் ஏப்ரல் 6 தொடங்கி ஏப்ரல் 13 வரையிலான நாட்களைக் காங்கிரஸ் ‘தேசிய வாரம்’ என்று கடைப்பிடித்தது. முதல் நாள் ரௌலட் எதிர்ப்பு நோன்பின் நினைவு. இறுதி நாள் ஜாலியன்வாலா பாக்கில் இறந்தவர்களின் நினைவு. கதர் விற்பனை, நிதி திரட்டல், நோன்பு, பொதுக்கூட்டம் ஆகியவை அவ்வாரத்தில் நடந்தன.

பத்தாண்டுகளுக்குப் பின் இவ்வாரமே உப்புச் சத்தியாகிரகத்தின் கால அட்டவணையாக அமைந்தது. 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து புறப்பட்ட காந்தி ஏப்ரல் 5 அன்றே தண்டிக்கு வந்துவிட்டார். எனினும் மறுநாள், தேசிய வாரத்தின் முதல் நாளான ஏப்ரல் 6 அன்றுதான் உப்பை அள்ளிச் சட்டத்தை மீறினார். அவ்வாரத்தின் இறுதி நாளில் தமிழ்நாட்டின் பயணம் தொடங்கியது.

1930: திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம்

தமிழ்நாட்டில் உப்புச் சத்தியாகிரகத்தை நடத்தும் பொறுப்பை இராஜாஜி ஏற்றார். இடமாகத் தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில் உள்ள வேதாரண்யம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இயற்கையாகவே உப்பு விளையும் சதுப்பு நிலங்கள் அங்கு இருந்தன. உள்ளூரில் அ. வேதரத்தினம் பிள்ளை போன்ற உறுதியான தொண்டர் இருந்ததும் முக்கியக் காரணம். தொடங்கும் இடமாகத் திருச்சிராப்பள்ளி அமைந்தது. அங்கிருந்து காவிரிப் படுகை வழியாகச் சென்றால் மக்கள் நெருக்கமாக வாழும் ஊர்கள் பலவற்றைத் தொட்டுச் செல்ல முடியும்.

1930 ஏப்ரல் 13 ஞாயிற்றுக்கிழமை. பிரமோதூத ஆண்டின் சித்திரை முதல் நாள். அதிகாலையில் திருச்சிராப்பள்ளிக் கண்டோன்மெண்டில் இருந்த மருத்துவர் தி. சே. சௌ. ராஜனின் இல்லத்திலிருந்து தொண்டர்கள் புறப்பட்டனர். ராஜன் 1880இல் திருவரங்கத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்றவர். அங்கு வ. வே. சு. ஐயர், சாவர்க்கர் ஆகியோருடன் பழகியவர். பின்னாளில் சென்னை மாகாணத்தின் அமைச்சராகப் பணியாற்றினார்.

விண்ணப்பித்த பலரிலிருந்து நூறு பேர் அளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தொண்டர்கள் 15 நாட்களில் சுமார் 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர் நடந்தனர். கோவிலடி, திருவையாறு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகப் பயணம் சென்றது. நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளை இப்பயணத்துக்காக எழுதிய பாடலைத் தொண்டர்கள் பாடிக்கொண்டு நடந்தனர். தங்கிய ஊர்களில் கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை குறித்துப் பேசினர்.

தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் ஜே. ஏ. தார்ன் பயணத்தை நேரடியாகத் தடுக்கவில்லை. தொண்டர்களுக்கு உணவும் தங்குமிடமும் கிடைக்காமல் செய்துவிட்டால் அவர்களே கலைந்துவிடுவர் என்று கணக்கிட்டார். சத்தியாகிரகிகளுக்கு இடம் அளிப்பவர்கள் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை பெறலாம் என்று துண்டறிக்கைகள் வாயிலாக எச்சரித்தார். அரசின் ஆணை தொண்டரை விட்டுவிட்டு, வழியில் உள்ள குடும்பங்களைக் குறிவைத்தது. ஒருவேளைச் சோறு போடுவதா வேண்டாமா என்பது சிறைக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வியாயிற்று.

விருந்தோம்பலை அறமாகக் கருதும் காவிரிக் கரையில் அந்தக் கணக்குப் பலிக்கவில்லை. தொண்டர்கள் வரும் வழியில் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் கட்டித் தொங்கவிடப்பட்டன. உணவு கிடைத்தது, கொடுத்தவர் யாரென்று காவலருக்குத் தெரியவில்லை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே தம் இல்லத்தில் தொண்டர்களைத் தங்கவைத்தார். அதற்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அரசின்மீது மக்களுக்கு இருந்த பற்று மறைந்துவிட்டது என்ற பொருளில் தார்ன் பின்னர் மேலிடத்துக்கு அறிக்கை எழுத வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 28 அன்று பயணம் வேதாரண்யத்தை அடைந்தது. ஏப்ரல் 30 அன்று இராஜாஜி தொண்டர் சிலருடன் அகத்தியம்பள்ளி அருகே உப்பை அள்ளிக் கைதானார். அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடைக்கப்பட்ட இடம் திருச்சிராப்பள்ளிச் சிறை. சித்திரை முதல் நாளில் எந்த நகரிலிருந்து நடக்கத் தொடங்கினாரோ, அந்த நகரின் சிறைக்கே அம்மாத இறுதிக்குள் கொண்டுவரப்பட்டார்.

அவருக்குப் பின்னும் போராட்டம் தொடர்ந்தது. வேதரத்தினம் பிள்ளை சிறைப்பட்டார். அவர் சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. மக்கள் அவரை ‘சர்தார்’ என்று அழைத்தனர். ருக்மிணி லட்சுமிபதி இப்போராட்டத்தில் சிறை சென்றார். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைப்பட்ட முதல் பெண் என்று அவர் போற்றப்படுகிறார். பின்னாளில் முதலமைச்சரான காமராஜர் முதன்முதலாகச் சிறை சென்றதும் வேதாரண்யம் சத்தியாகிரகம் தொடர்பாகத்தான். வேதாரண்யத்தில் வைரப்பன் என்னும் முடிதிருத்தும் தொழிலாளி, தம்மிடம் சவரத்துக்கு வந்தவர் காவலர் என்று அறிந்ததும் பாதியிலேயே வேலையை நிறுத்தி, அதற்காகச் சிறை சென்றதாகச் சொல்லப்படுகிறது. அவர் பெயரில் அவ்வூரில் நினைவுத்தூண் உள்ளது.

சமயபுரம் தேரோட்ட வழக்கின்படி கணக்கிட்டால் 1930இல் சித்திரை முதல் செவ்வாய் ஏப்ரல் 15. நடைப்பயணம் புறப்பட்ட மூன்றாம் நாள் அது. ஆண்டுப்பிறப்பும் திருவிழாவும் சேர்ந்து மக்கள் சாலைகளில் திரளும் பருவத்தில்தான் இப்பயணம் தொடங்கியது. இராஜாஜி தேர்ந்த நாளில் இரண்டு பொருள் இணைந்திருந்தன: அமிர்தசரஸில் இறந்தவர்களின் பதினோராம் ஆண்டு நினைவு ஒன்று, தமிழர் வீடுகளில் புதிய தொடக்கத்துக்குரிய நல்ல நாள் மற்றொன்று.

அன்று பிறந்த கவிஞர்

நடைப்பயணம் புறப்பட்ட அதே 1930 ஏப்ரல் 13 அன்று, அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்தின் பட்டுக்கோட்டைக்கு அருகில் செங்கப்படுத்தான்காடு என்னும் ஊரில் அ. கல்யாணசுந்தரம் பிறந்தார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்று பின்னாளில் அறியப்பட்ட அவர் விவசாயச் சங்கத்திலும் பொதுவுடைமை இயக்கத்திலும் ஈடுபாடு கொண்டு, உழைப்பாளர் வாழ்வைத் திரைப்பாடல்களில் எளிய தமிழில் எழுதினார். 1959 அக்டோபர் 8 அன்று, 29 வயதிலேயே மறைந்தார்.

இந்த ஒற்றுமை தற்செயலானது. ஒரு குழந்தை பிறக்கும் நாளை எவரும் தேசிய வாரத்துக்கு ஏற்ப வைப்பதில்லை. ஆயினும் ஒரே மாவட்டத்தின் ஒரே காலத்தை இவ்விரு செய்திகளும் சேர்ந்து நினைவூட்டுகின்றன.

1984: சியாச்சின்

1984 ஏப்ரல் 13 அன்று இந்தியப் படை ‘மேகதூது’ நடவடிக்கையைத் தொடங்கியது. குமாவோன் படைப்பிரிவின் வீரர்கள் ஹெலிகாப்டர் மூலம் சியாச்சின் பகுதியின் பிலாஃபோண்ட் கணவாயில் இறக்கப்பட்டனர். பாகிஸ்தான் படை அதே உயரங்களைப் பிடிக்கத் திட்டமிட்டிருந்த நிலையில் இந்தியப் படை முந்திக்கொண்டது. பைசாகி விழா நாளில் இத்தகைய நடவடிக்கையை எதிர்த்தரப்பு எதிர்பார்க்காது என்ற கணிப்பும் நாளைத் தேர்ந்ததற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. 1930இல் நினைவுக்காகத் தேர்ந்த நாளை 1984இல் எதிர்பாராத் தன்மைக்காகத் தேர்ந்தனர்.

உலகில் ஏப்ரல் 13

1743: அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன் பிறந்தார். அவர் பிறந்தபோது ஆங்கிலேயக் குடியேற்றங்களில் ஜூலியன் கணக்கு வழங்கியதால் அன்றைய தேதி ஏப்ரல் 2. நாட்காட்டி மாற்றத்துக்குப் பின் ஏப்ரல் 13 ஆயிற்று. சமயபுரத்தில் இரு படைகளைப் பிரித்த அதே 11 நாள் இது.

1829: பிரிட்டனில் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர்வதற்கு இருந்த தடையை நீக்கும் சட்டம் மன்னரின் ஒப்புதலைப் பெற்றது.

1970: நிலவுக்குச் சென்றுகொண்டிருந்த அப்பல்லோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. அமெரிக்காவில் அப்போது ஏப்ரல் 13 இரவு; இந்தியாவில் ஏப்ரல் 14 காலை 8.38 மணி. ஒரே நொடியில் நடந்த நிகழ்வுகூட உலகம் முழுதும் ஒரே தேதியில் நடப்பதில்லை.

1975: லெபனானின் பெய்ரூட் புறநகரில் பேருந்து மீது நடந்த தாக்குதலுடன் அந்நாட்டின் நீண்ட உள்நாட்டுப் போர் மூண்டது.

ஒரே நாள் நிகழ்வுகளைப் படிக்கும் முறை

‘வரலாற்றில் இன்று’ என்ற தலைப்பிலான பட்டியல்கள் மாணவர்களுக்குப் பழக்கமானவை. அவற்றில் உள்ள நிகழ்வுகளை நான்காகப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும்.

முதலாவது, ஒரே விழா அல்லது பருவத்தால் இணைந்தவை. 1699இன் அனந்தபூர்க் கூட்டமும் 1919இன் அமிர்தசரஸ் கூட்டமும் பைசாகிக்காக மக்கள் கூடியதன் விளைவுகள்.

இரண்டாவது, முந்தைய நிகழ்வை எண்ணியோ, நாளின் தன்மையை எண்ணியோ திட்டமிட்டு வைக்கப்பட்டவை. 1930இன் நடைப்பயணமும் 1984இன் படை நடவடிக்கையும் இவ்வகை.

மூன்றாவது, நாட்காட்டி மாற்றத்தால் ஒரே தேதி போலத் தோன்றுபவை. கால்சா தோற்றத்துக்கு ஏப்ரல் 13 என்று எழுதுவது இதற்குச் சான்று.

நான்காவது, வெறும் தற்செயல். கல்யாணசுந்தரத்தின் பிறப்பும் அப்பல்லோ 13 விபத்தும் இதில் அடங்கும்.

முதல் இரண்டு வகைகளில் ‘ஏன் அந்த நாள்?’ என்ற கேள்விக்கு விடை உண்டு. அந்த விடையே வரலாறு. மூன்றாம் வகையில் தேதியைச் சரிபார்க்க வேண்டும். நான்காம் வகையில் காரணம் தேடினால் இல்லாத தொடர்பைக் கற்பிப்பதில் போய் முடியும்.

நினைவு

அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் தேசிய நினைவிடமாகப் பேணப்படுகிறது. குண்டு பாய்ந்த தடங்கள் சுவர்களில் இன்றும் காணப்படுகின்றன. வேதாரண்யத்தை அடுத்த அகத்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூபி உள்ளது. ஆண்டுதோறும் ஏப்ரல் 30 அன்று அங்கு உப்பு அள்ளும் நினைவு நிகழ்ச்சி நடைபெறுகிறது. சர்தார் வேதரத்தினம் 1946இல் வேதாரண்யத்தில் நிறுவிய கஸ்தூர்பா காந்தி கன்னியா குருகுலம் தொடர்ந்து இயங்கிவருகிறது.

இன்று தமிழ் ஆண்டுப்பிறப்பு பெரும்பாலும் ஏப்ரல் 14 அன்று வருவதால், 1930இல் ஒன்றாக இருந்த இரண்டு நாட்களும் பிரிந்துவிட்டன. ஏப்ரல் 13 போராட்ட நினைவு நாளாகவும், அதன் மறுநாள் புத்தாண்டு நாளாகவும் அமைகின்றன. நடைப்பயணம் ஏன் சித்திரை முதல் நாளில் புறப்பட்டது என்பதை இன்றைய நாட்காட்டியை மட்டும் பார்த்து அறிய முடியாது. அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.